ஓதமும் கழிமுக மாசும்

வேங்கிக்கால் கடற்கரை ஊர் அன்று. திருவண்ணாமலை நகரை ஒட்டி, வேலூர்ச் சாலையில், கடலுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மேற்கே அமைந்தது இவ்வூர். ஆயினும், கடலின் உயர்வு தாழ்வுகளை ஆளும் காலக்கணக்கு இவ்வூரார்க்கு நன்கு பழக்கமானது. முழுமதி நாள் எது என்றறிய இங்கே எவரும் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. மலைவலம் வரும் மக்கள் பெருக்கமும், சாலையில் நெடுக நிற்கும் வண்டிகளின் வரிசையுமே அதனை அறிவித்துவிடும். அதே முழுமதி நாளில் எண்ணூரிலும் கடலூரிலும் நாகையிலும் கடல்நீர் மற்றை நாள்களினும் மிகுதியாகக் கழிகளுக்குள் புகுகின்றது. நகரங்களும் ஆலைகளும் கழித்துவிட்ட மாசு அந்நீரோடு ஏறுகின்றது, இறங்குகின்றது, இடம் மாறுகின்றது. அவ்விடமாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கடல்நீர் நாள்தோறும் உயர்ந்தும் தாழ்ந்தும் வருவதனை ஓதம் என்னும் சொல்லால் குறிப்பது தமிழில் நெடுங்கால வழக்கு. பழைய நெய்தற் செய்யுள்களில் இச்சொல் அலை, கடற்பெருக்கு ஆகிய இரு பொருளிலும் பயின்று வருதலின், இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும். இன்றைய பாடநூல்கள் இதனைப் பின்னதற்கே வரையறுத்துக் கொண்டன. நாமும் அவ்வாறே ஆளுவோம். நீர் உயர்வதனை ஏற்றம் என்றும், தாழ்வதனை வற்றம் என்றும் கூறுவோம். இவற்றினும் கருதத்தக்க சொல் உவா என்பது. முழுமதி நாளுக்கும் மறைமதி நாளுக்கும் இஃது ஒன்றே பெயர். வேறுபடுத்த வேண்டுமிடத்து வெள்ளுவா, காருவா என அடைகொடுத்து வழங்குவர். வானை நோக்கினால் இவ்விரு நாள்களும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை. ஒன்றில் முழு நிலவு, மற்றொன்றில் முழு இருள். கடலை நோக்கினாலோ இரண்டும் ஒன்றே. இரண்டிலும் ஓதம் மிக உயர்ந்து மிகத் தாழ்கின்றது. இச்சொல் கடலைக் கண்டு பிறந்தது என்று நாம் வாதிடவில்லை. எனினும், இரு நாளையும் ஒரு பெயரால் சுட்டும் இவ்வழக்கு, ஓதத்தை விளக்கப் புகுவார்க்குப் பெரிதும் துணை செய்வது.

திங்களின் ஈர்ப்பு, நிலவுலகில் அதனை நோக்கிய பக்கத்தில் சற்று மிகுந்தும் எதிர்ப்பக்கத்தில் சற்றுக் குறைந்தும் இருத்தலின், இருபுறமும் கடல்நீர் சிறிது பொங்கி நிற்கின்றது. நிலவுலகு சுழலும்போது நம் கடற்கரை இவ்விரு பொங்கல்களையும் கடந்து செல்கின்றது. ஆகவே நாளொன்றுக்கு இரு ஏற்றமும் இரு வற்றமும் நிகழ்கின்றன. இதற்கிடையே திங்களும் தன் வழியில் நகர்ந்துவிடுதலின், ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம் செல்லும். கதிரவனின் ஓத ஆற்றல் திங்களின் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இருசுடரும் ஒரே கோட்டில் நிற்கும் உவா நாள்களில் இரண்டன் ஆற்றலும் கூடுகின்றன. அட்டமியை ஒட்டிய அரைமதி நாள்களில் ஒன்று மற்றொன்றைக் குறைக்கின்றது. முன்னதனை உவா ஓதம் என்றும், பின்னதனை அட்டமி ஓதம் என்றும் ஈண்டுக் குறிப்போம். மிக உயர்ந்த ஓதம் உவா நாளிலேயே வாராது, ஓரிரு நாள் பிந்தி வருதலும் உண்டு.

சென்னைக் கரையில் உவா ஓதத்தின் அளவு, அஃதாவது ஏற்ற மட்டத்துக்கும் வற்ற மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, ஏறத்தாழ 1 மீட்டர். அட்டமி ஓதத்தின் அளவு ஏறத்தாழ 0.4 மீட்டர். குசராத்தின் காம்பே வளைகுடாவில் பாவநகரை ஒட்டிய கடலில் உவா ஓதம் 10 மீட்டரை எட்டுகின்றது. அங்கே கடல் பின்வாங்கும்போது நெடுந்தொலைவுக்குச் சேறு வெளிப்பட்டுக் கிடக்கும். நம் கரையிலோ கடற்கரையில் உலாவச் செல்பவர் ஓதம் ஒன்று உண்டென்பதையே உணராமல் திரும்பிவிடுவர். இச்சிறுமைதான் நம் ஆராய்ச்சிக்கு அடிப்படை. ஓதம் பெரிதாயின் அது கழியைக் கழுவும். ஓதம் சிறிதாயின் கழியைக் கலக்குமே ஒழியக் கழுவுதல் அரிது.

ஏரிப் பாசனத்தில் பழகிய நமக்கு இங்கே ஒரு மயக்கம் நேர்கின்றது. வேங்கிக்காலிலும் ஓர் ஏரி உண்டு. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கால்’ என்னும் சொல்லும் நீர் செல்லும் வழியையே நினைவூட்டுகின்றது. ஏரியில் நீரின் போக்கு ஒருவழிப் போக்கு. வரத்துக்காலின் வழியே வரும் நீர், நிரம்பியபின் கலிங்கின் வழியே வெளியேறும். வெளியேறிய நீர் மீண்டும் ஏரிக்குள் ஏறி வருதல் இல்லை. கடற்கழியையும் நாம் அவ்வாறே எண்ணிக்கொள்கின்றோம். ஆறு மாசைக் கொண்டுவந்து கழியில் விடும், கழி அதனை முகத்துவாரத்தின் வழியே கடலில் தள்ளும், கடலில் அது கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடும் என்பது பலருடைய கருத்து. முகத்துவாரம் கலிங்கு அன்று. அதன் வழியே வெளியேறிய நீரில் ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குள் அதே வாயில் வழியே திரும்பி வருகின்றது. மாசு கடலில் கரைத்த பெருங்காயமாவதற்கு முன்னர்க் கழியைப் பெருங்காயம் இருந்த பாண்டமாக்கி விடுகின்றது என்று கூறுதல் பொருந்தும்.

இதனைக் கண்கூடாகக் காட்டும் இடம், சென்னைக்கு வடக்கிலுள்ள எண்ணூர்க் கழி. கொசத்தலையாறு கடலோடு கலக்குமிடம் இது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இவ்வாற்றின் குறுக்கே உள்ளது; ஆகவே மழைக்காலம் ஒழிந்த ஏனைய திங்கள்களில் கழிக்கு வந்து சேரும் நன்னீர் மிகச் சிறிது. கழியின் வடகை பழவேற்காட்டு ஏரியை நோக்கிச் செல்கின்றது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டுப் பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற கால்வாய் தெற்கிலிருந்து வந்து இக்கழியில் சேர்ந்து, வடக்கே தொடர்கின்றது. கரையெங்கும் கண்டற் காடும் உப்பளமும் சேற்றுத் திடலும் கலந்து கிடந்தன. இறால், நண்டு, மடவை ஆகியன இக்கழியின் செல்வம். நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடியினரும், வலைவீசும் மீனவரும் கழியை நம்பி வாழ்வோர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்னும் பெயர்களே அவர்தம் வாழ்வு எதனோடு பிணைந்தது என்பதனைக் காட்டும்.

இக்கழியைச் சூழ்ந்து, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி முதல், மணலியின் எண்ணெய், உர, வேதிப்பொருள் ஆலைகளும், அனல்மின் நிலையங்களும், துறைமுகங்களும் எழுந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் மின்னாக்கத்தைத் தொடங்கியது. அதன் சாம்பற் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்தும் உடைந்தும், சாம்பல் ஆண்டுக்கணக்கில் கழியில் படிந்தது. இதுபற்றிய வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் தீர்ப்பளித்தது. சாம்பலின் நச்சுத்தன்மை பற்றிப் பலரும் பேசியுள்ளனர். அதனினும் குறைவாகப் பேசப்பட்டது அச்சாம்பல் கழியின் ஆழத்தைக் குறைத்தது என்பது. ஓதத்தை நோக்க, ஆழக்குறைவு நச்சினும் சிறிய தீங்கு அன்று என்பது நம் கருத்து. அதனை ஒரு கணக்கால் விளக்குவோம்.

எண்ணூரின் அளவுகளாக அன்றி, விளக்கத்தின் பொருட்டு, 1 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஏற்ற முடிவில் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு கழியைக் கற்பனை செய்து கொள்வோம். அதில் உள்ள நீர் 20 இலட்சம் கனமீட்டர். முகத்துவாரம் குறுகியது ஆதலின் கடலின் ஓதம் முழுவதும் உள்ளே புகாது. வெளியே 1 மீட்டர் உயர்வு தாழ்வு இருப்பின் உள்ளே 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வற்றத்தில் வெளியேறுவது 5 இலட்சம் கனமீட்டர், அஃதாவது நான்கில் ஒரு பங்கு. அடுத்த ஏற்றத்தில் வருவது முற்றிலும் புதிய கடல்நீராக இருப்பின், ஒருமுறை கொட்டிய மாசு ஐந்து ஓதங்களில், ஏறத்தாழ இரண்டரை நாளில், காற்பங்குக்குக் கீழே குறைந்துவிடும். ஆயின், வெளியேறிய நீரில் பாதி திரும்பி வருமாயின், ஒவ்வோர் ஓதத்திலும் உண்மையில் நீங்குவது எட்டில் ஒரு பங்கே. அதே அளவு குறைவதற்குப் பதினோர் ஓதங்கள், ஏறத்தாழ ஐந்தே முக்கால் நாள், வேண்டும்.

இனி அட்டமி நாள்களைக் கருதுக. உள்ளே உயர்வு தாழ்வு 0.2 மீட்டராகச் சுருங்கும். வெளியேறுவது பத்தில் ஒரு பங்கு. அதிலும் பாதி மீளுமாயின் நீங்குவது இருபதில் ஒரு பங்கு. மாசு காற்பங்காகக் குறைவதற்கு 28 ஓதங்கள், அஃதாவது பதினான்கு நாளுக்கு மேல், வேண்டும். அதற்குள் உவா வந்துவிடும் என்பது உண்மையே. கணக்கு அந்த அளவுக்கு மெலிவு காட்டுகின்றது என்பதே நாம் கொள்ளவேண்டுவது.

மேலே கூறியது ஒருமுறை கொட்டிய மாசுக்குரிய கணக்கு. நாள்தோறும் கொட்டப்படும் மாசுக்கு வேறு முடிவு உண்டு. ஒவ்வோர் ஓதக் காலத்திலும் ஒரு மூட்டை மாசு விழுந்து, எட்டில் ஒரு பங்கே நீங்குமாயின், கழியில் எட்டு மூட்டை மாசு சேரும்வரை சேர்மானம் நில்லாது. இருபதில் ஒரு பங்கு நீங்குமாயின் இருபது மூட்டை. ஆலை வெளியேற்றும் நீரின் தரம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருப்பினும், கழியின் நீர் அதற்கு உட்படாது போதல் இவ்வாறு இயலும். முகத்துவாரம் மணலால் குறுகினும், பாலத்தாலும் கரையாலும் நெருக்கப்படினும், கழியின் கரையோரத் திடல்கள் மேடாக்கப்பட்டு ஓதம் பரவும் இடம் சுருங்கினும், ஓதத்தால் உட்புகுந்து வெளியேறும் நீரின் அளவு குறைகின்றது. அந்நீர் குறையக் குறைய, அதன் வேகமும் குறைந்து முகத்துவாரத்தில் மணல் மேலும் படிகின்றது. ஒரு பிடி மாசும் புதிதாகச் சேராமலே கழியின் மாசு கூடுவதற்கு இதுவே வழி.

மாசு எல்லாம் ஒரு தன்மையது அன்று. நீரில் கரைந்தது நீரோடு போகும். அதற்கு மேற்கூறிய கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். சாம்பலும் சேறும் அவ்வாறு போகா. ஏற்றத்தின் முடிவில் நீர் சிறிது நேரம் அசைவற்று நிற்கின்றது. அவ்வேளையில் நுண்துகள்கள் அடியில் படிகின்றன. படிந்த துகளை மீண்டும் கிளப்புவதற்கு, அதனை மிதக்கவிட்டுக் கொண்டுவந்த வேகத்தினும் மிகுந்த வேகம் வேண்டும். வற்றம் அவ்வேகத்தை அடைவதற்குள் நீரின் ஒரு பகுதி வெளியேறிவிடுகின்றது. ஆகவே துகள் வந்த தொலைவு திரும்பிச் செல்வதில்லை. ஒவ்வோர் ஓதத்திலும் சிறிது சிறிதாக உள்நோக்கியே நகர்கின்றது. நெதர்லாந்தின் வாடன் கடலில் இதனை ஆராய்ந்து போஸ்ட்மா 1961இல் விளக்கினார். நன்னீரில் தனித்தனியே மிதக்கும் களித்துகள்கள் உப்புநீரைக் கண்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆலைநீரிலுள்ள உலோகங்கள் அத்துகள்களில் பற்றிக்கொண்டு கழியிலேயே தங்கிவிடுகின்றன. கழியின் உயிர்வளமான இடங்கள், அஃதாவது நீர் மெல்ல ஓடும் கண்டற் காடுகளும் சேற்றுத் திடல்களும், இப்படிவு மிகுதியாக நிகழும் இடங்களாகவும் உள்ளன.

மற்றொன்று, ஓதம் மாசை எதிரோட்டமாகவும் கொண்டு செல்லும். ஏற்றத்தின்போது கழிநீர் சராசரியாக நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் உள்நோக்கி ஓடுமாயின், ஆறு மணிக்கூறு கடந்து நீர் நிற்பதற்குள் அது நாலரைக் கிலோமீட்டர் சென்றிருக்கும். ஆற்றில் மாசு கீழ்நோக்கியே செல்லும் என்று எண்ணி, ஆலைக்கு மேற்புறத்தில் இறால் தடவுவோர் தமக்குத் தீங்கில்லை எனக் கொள்ளல் இயலாது. ஓதமுள்ள நீரில் மேற்புறம், கீழ்ப்புறம் என்னும் சொற்களே நாளுக்கு நான்கு முறை இடம் மாறுகின்றன.

எண்ணெயின் போக்கு இவற்றினும் வேறு. அது நீரின் மேலே மிதப்பது. ஆகவே நீர்மட்டம் எங்கே சென்று நிற்கின்றதோ அங்கே கோடிட்டுச் செல்வது. எண்ணூரில் ஆறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு எண்ணெய்க் கசிவுகளை மதிக்கணக்கோடு ஒப்பிடின் இது விளங்கும்.

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. முதலில் மிகச் சிறிதளவே என்று கூறப்பட்ட எண்ணெய்க் கசிவு பின்னர் ஏறத்தாழ 200 டன் எனக் கணிக்கப்பட்டது. முந்தைய நாள் தை அமாவாசை. ஆகவே கசிந்த எண்ணெய் கரையை அடைந்தது உவா ஓதத்தின் நாள்களில். வாடைக் காற்றும் கரையோர நீரோட்டமும் அதனைத் தெற்கே தள்ளின. எர்ணாவூரில் கடலரிப்பைத் தடுப்பதற்கு இடப்பட்டிருந்த கற்குவியல்களின் இடுக்கில் பெரும்பகுதி தேங்கியது. ஒரு பகுதி மெரினாவையும் கடந்து சென்றது. மாணவரும் தொண்டரும் மீனவரும் வாளிகளால் அதனை அள்ளிய காட்சி பலர்க்கும் நினைவிருக்கும். ஓதக் கணக்கை நோக்கின், உவா நாளின் உயர்ந்த ஏற்றத்தில் கல்லின்மேல் படிந்த எண்ணெய், அடுத்த ஒரு வாரத்தில் ஏற்ற மட்டம் நாள்தோறும் தாழ்ந்துகொண்டே போகுமாதலின், நீர் எட்டாத உயரத்தில் உலர்ந்து நிற்கும். பிப்ரவரி 11ஆம் நாளை ஒட்டி வந்த அடுத்த உவாவில்தான் நீர் மீண்டும் அவ்வுயரத்தைத் தொட இயலும். அள்ளுவதற்குக் கிடைக்கும் இடைக்காலம் அது. கரையில் ஒட்டியதைத் துடைக்காது விட்டால், அடுத்த உவா அதனைக் கடலுக்கு மீட்டுக் கொடுத்துவிடும்.

2023ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதன் மறுதலை. அவ்வாண்டு நவம்பர் 26இல் அண்ணாமலையில் கார்த்திகை தீபம் ஏற்றப்பட்டது. முழுமதி 27ஆம் நாள் நிறைந்தது. அதற்கு எட்டாம் நாள், டிசம்பர் 4இல், மிக்சாம் புயலின் பெருமழை சென்னையை மூழ்குவித்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளிப்பட்ட எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிக்குள் வந்து, கடலிலும் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரந்தது. டிசம்பர் 5 தேய்பிறை அரைமதி நாள். ஓதத்தின் அளவைப் பொறுத்தவரை அது மிகச் சிறிய நாள். ஆயினும் நீர்மட்டம் தாழ்ந்திருந்தது என்று இதனால் கொள்ளற்க. சென்னைக் கரையில் சராசரிக் கடல்மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் உயர்ந்தும் பங்குனி, சித்திரையில் தாழ்ந்தும் நிற்கும். இவ்வேறுபாடு ஒரு சாணுக்கு மேற்பட்டது. அட்டமி ஓதத்தின் அளவோடு ஒப்பிட்டால் புறக்கணிக்கத்தக்கது அன்று. அதன்மேல் புயலின் காற்றழுத்தக் குறைவும், காற்று கரைநோக்கித் தள்ளும் நீரும் சேரும். மேலே ஆற்று வெள்ளம், கீழே உயர்ந்த கடல். இரண்டுக்கும் இடையே எண்ணெய் குடியிருப்புகளுக்குள்ளும் புகுந்து, சுவர்களில் கரிய கோடு எழுதியது.

வெள்ளம் வடிந்தபின் கழி மீண்டும் ஓதத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அப்போது மதி தேய்ந்துகொண்டிருந்தது. டிசம்பர் 12, அமாவாசை. ஆகவே 2017இல் நிகழ்ந்ததற்கு மாறாக, இங்கே ஏற்ற மட்டம் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே சென்ற ஒரு வாரம் அது. அட்டமி நாளில் கண்டலின் அடிவேரை நனைத்த எண்ணெய்நீர், அமாவாசைக்கு நெருங்க நெருங்க மேலும் உட்புறத்து மரங்களை அடையும். கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால் மூச்சுவிடுவன. அவ்வேர்களின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிடுமாயின் மரம் உடனே பட்டுப்போகாவிடினும் மெல்ல நலிவுறும். கூழைக்கடாப் பறவைகளின் இறகில் எண்ணெய் படிந்த படங்கள் நாளிதழ்களில் வந்தன. வேரில் படிந்தது அத்துணைக் கண்ணுக்குப் புலப்படவில்லை. மீனவர் தம் படகில் சென்று எண்ணெயைக் குவளையால் அள்ளினர். வெள்ளம் தணிந்ததற்கும் உவாவுக்கும் இடைப்பட்ட நாலைந்து நாள்கள், எண்ணெய் இன்னும் தாழ்ந்த மட்டத்தில் இருந்த நாள்கள், அள்ளுவதற்கு மிக ஏற்றவை. வந்த எண்ணெய் எத்தனை டன் என்பதில் கருத்து மாறுபாடு இருக்கலாம். மதி எந்நாளில் மறையும் என்பதில் மாறுபாட்டுக்கு இடமே இல்லை. மாசு அகற்றும் திட்டங்களில் பிறையை ஒரு கூறாகச் சேர்த்தல் செலவில்லாத செயல்.

முகத்துவாரத்துக்கு வெளியே வந்துவிட்ட மாசின் நிலை வேறு. திறந்த கடலில், சென்னைக் கரையின் சிறிய ஓதம் மாசை நெடுந்தொலைவு கொண்டுசெல்வதில்லை. அங்கே ஆட்சி காற்றுக்கும் கரையோர நீரோட்டத்துக்கும் உரியது. வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரோட்டம் பருவத்துக்கேற்பத் திசை மாறுவது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும், தை மாதத்துக்குப்பின் வடக்கு நோக்கியும் ஓடுகின்றது. எண்ணூரின் எண்ணெய் சனவரியில் மெரினாவுக்கு வந்ததும் இதனாலேயே. கூவம், அடையாறு ஆகியவற்றின் முகத்துவாரங்களைப் பற்றிச் சுருங்கக் கூறின் போதும். அங்கே அலையால் கரையோரம் நகரும் மணல் வாயை அடைத்துத் திட்டு எழுப்புகின்றது. ஆற்றில் வெள்ளமில்லாத நாள்களில் ஓதம் உள்ளே புகுதற்கே வழி குறைவு. அவற்றின் நோய் ஓதத்தின் மிகுதியால் அன்று, ஓதமின்மையால்.

ஓதத்தின் எல்லையைச் சட்டமும் அளவுகோலாகக் கொண்டுள்ளது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்புறமாக 500 மீட்டர் வரை காப்புக்கு உட்படுத்தியது. ஓதம் புகும் கழிகளும் முகத்துவாரங்களும் அதில் அடங்கின. பிற்கால அறிவிக்கைகள் இவ்வளவுகளைப் பலவாறு மாற்றியுள்ளன. நாம் ஈண்டுக் கருதுவது ஒன்றே. கழியின் ஒரு திடலை மேடாக்கினால், ஓதம் அங்கே ஏறுவது நின்றுவிடும். ஓதம் ஏறாத இடம் நாளடைவில் ஓத எல்லைக்கு வெளியே உள்ள நிலமாகத் தோற்றமளிக்கும். அவ்வாறு கோடு பின்வாங்குமாயின், மேலே கணக்கிட்ட கழுவு நீரும் அதே அளவுக்குப் பின்வாங்கும். வரைபடத்தில் கோடு வரைவோரும் நீரின் கணக்குப் பார்ப்போரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும்.

இறுதியாக, மாசை அளப்பதில் நேரும் ஒரு பிழையையும் சுட்டுதல் தகும். கழியின் நீரைக் குப்பியில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது நாளும் மணியும் எழுதப்படுகின்றன. ஓத நிலை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. முகத்துவாரத்தருகே ஏற்ற முடிவில் எடுத்த நீர் பெரும்பாலும் கடல்நீர். அதே இடத்தில் ஆறு மணி கழித்து வற்ற முடிவில் எடுத்தது கழியின் உள்நீர். முதல் குப்பி கழி தூயது என்று கூறும். இரண்டாம் குப்பி கழி கெட்டது என்று கூறும். இரண்டும் உண்மையே. திங்கள்தோறும் ஒரே தேதியில் காலை பத்து மணிக்கு எடுத்தாலும் இப்பிழை நீங்காது. ஒரு திங்களில் அவ்வேளை ஏற்றமாகவும், மறு திங்களில் வற்றமாகவும் அமையக்கூடும். ஆகவே குப்பியின்மேல் பிறையும் ஏற்ற வற்ற நிலையும் எழுதப்படுதல் வேண்டும். இயலுமாயின் ஓர் ஓதம் முழுவதும், பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மணிக்கொரு குப்பி எடுத்தல் வேண்டும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைத் துறைமுகத்துக்குரிய மணிகள் உள. கழியின் உள்ளே ஏற்றம் அதற்குச் சற்றுப் பிந்தியே வரும். ஒரு வெள்ளுவாவிலிருந்து அடுத்த வெள்ளுவா வரை முகத்துவாரத்துக்கு உட்புறம் ஓர் அளவுகோலை நட்டு, நீர்மட்டத்தைக் குறித்துவந்தால் அப்பிந்துதல் எத்தனை நிமிடம் என்பது தெரிந்துவிடும். வலை இறக்கும் வேளையை அறிந்த குப்பத்து முதியவர் ஒருவரைக் கேட்டால், அதற்கு முன்னரே ஏறத்தாழத் தெரிந்துவிடும்.